அடித்தல் திருத்தல் இல்லாமல்

அசைன்மென்ட் தாள்களில் இப்போது பிழையே வருவதில்லை. இதை ஒரு குறையாக யாரிடம் போய்ச் சொல்வது? துறைத்தலைவரிடம் சொன்னால் சிரிப்பார். மெஷ் அனாலிசிஸில் ஐந்து கணக்கு கொடுத்தால் ஐந்தும் சரியாக வருகிறது. சார்பு மூலம் உள்ள சுற்றுக்குத் தெவனின் ரெசிஸ்டன்ஸ் காண்பதில் பாதி வகுப்பாவது வழுக்கி விழும் என்று நம்பித்தான் அந்தக் கணக்கைக் கொடுப்போம். இப்போது ஒருவரும் விழுவதில்லை. கணிதத் துறையில் இருக்கும் நண்பரும் இதையேதான் சொல்கிறார். இரட்டைத் தொகையீட்டில் வரிசையை மாற்றச் சொன்னால் எல்லைகளைத் தப்பாகப் போடாத வகுப்பு ஒன்றை அவர் தன் பணிக்காலத்தில் கண்டதே இல்லையாம், இப்போது வருஷா வருஷம் காண்கிறாராம். அதே பிள்ளைகள் சைக்கிள் டெஸ்டில் உட்காரும்போது என்ன ஆகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. காப்பி என்று ஒரு சொல்லைப் போட்டு இதை முடித்துவிடலாம்தான். பார்த்து எழுதுவது நாங்கள் படித்த காலத்திலும் இருந்தது, எங்களுக்குப் பாடம் எடுத்தவர்கள் காலத்திலும் இருந்தது. அதற்காகத் தூக்கம் கெடும் அளவுக்கு நான் நல்லவன் இல்லை. உறுத்துவது வேறொன்று. அந்தத் தாள்களில் நான் படிப்பதற்கு ஒன்றும் இல்லை. சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் பக்கத்தைப் புரட்டுகிறேன்.

ஒரு சின்னக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 10 வோல்ட் மூலம், அதோடு தொடராக 2 ஓம், நடுவில் நிற்கும் 4 ஓம், வலது ஓரத்தில் இன்னொரு 4 ஓம். இரண்டு மெஷ். இரண்டு கரண்டுக்கும் கடிகாரச் சுற்றில் அம்பு போடு என்பது புத்தக வழக்கம். அப்படிப் போட்டால் நடுவில் நிற்கும் ரெசிஸ்டரில் ஒன்றிலிருந்து மற்றொன்று கழியும். முதல் கரண்ட் 2.5 ஆம்பியர், இரண்டாவது 1.25 என்று வரும். ஒரு பையன் இரண்டாவது அம்பை மட்டும் எதிர்ச்சுற்றில் போட்டுவிடுகிறான். கவனக்குறைவோ, பேனா போன போக்கோ. அவன் படத்தில் நடு ரெசிஸ்டரில் இரண்டு கரண்டும் கூடுகின்றன, அப்படியே எழுதித் தீர்க்கிறான். முதல் விடை 2.5. இரண்டாவது, மைனஸ் 1.25. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறான், அங்கே மைனஸ் இல்லை. அவன் என்ன செய்வான் என்பது இந்தப் பாடத்தை நடத்திய எவருக்கும் தெரியும்: மேலே போய் எங்கோ ஒரு கூட்டலைக் கழித்தலாக்கி, கீழே வந்து மைனஸை அழிப்பான். அந்த அழித்த தடம்தான் எனக்கு வேண்டியது. "ஏன்டா இதை அழிச்ச? நீ போட்டதுதான் சரி. நீ அம்பு போட்ட பக்கம் ஓடலை, எதிர்ப்பக்கம் ஓடுதுன்னு கணக்கே உங்கிட்ட சொல்லுது பாரு" என்று சொன்னால் அந்த முகத்தில் ஒன்று நடக்கும். தன்னிடம் சரியாக இருந்ததைத் தானே அழித்திருக்கிறோம் என்று அறிகிற முகம் அது. விடைப்பட்டியலால் அவனுக்கு இதைச் சொல்ல முடியாது. முழுத் தீர்வும் படிப்படியாக அச்சிட்ட வழிகாட்டிப் புத்தகத்தாலும் முடியாது, ஏனென்றால் அதிலுள்ள அம்பு அவனுடைய அம்பு இல்லை. அவன் தாளைக் குனிந்து பார்த்த ஒருவரால்தான் முடியும்.

பழைய காப்பியிலும் இந்தத் தடம் மிச்சமிருந்தது. ஹாஸ்டலில் நன்றாகப் படிப்பவன் அறையிலிருந்து ஒரு தாள் புறப்படும்; விளக்கணையும் முன் அது மாடி முழுக்கச் சுற்றிவரும். அவன் எழுதிய ஒமேகா அடுத்தவன் தாளில் டபிள்யூ ஆகும், மியூ வெறும் யூ ஆகும், எங்கோ ஒரு வரி விடுபடும், விடுபட்ட வரி தெரியாதவன் அடுத்த வரியைத் தனக்குத் தோன்றியபடி ஒட்டவைப்பான். ஏடு பெயர்த்தெழுதியவர்களின் கைப்பிழையை வைத்து எது எதைப் பார்த்து எழுதிய பிரதி என்று பதிப்பாசிரியர்கள் வகை பிரிப்பதுபோல, யார் யாரிடமிருந்து எழுதினார்கள் என்று ஒரு கட்டுத் தாளைத் திருத்தும்போதே மரம் வரைந்துவிடலாம். அந்த ஒட்டவைத்த வரியில் சில சமயம் உண்மையான யோசனை இருக்கும். ஒரு நிலைமாற்றக் கணக்கில், சுவிட்ச் மூடிய கணத்தில் கெபாசிட்டர் வோல்டேஜ் சட்டென்று தாவாது என்ற வரி விடுபட்டுப்போக, ஒருத்தி அதற்குப் பதிலாக, தாவினால் அந்தக் கணத்தில் கரண்ட் எல்லையில்லாமல் போகவேண்டியிருக்கும் என்று பென்சிலில் சின்னதாகக் காரணம் எழுதியிருந்தாள். அவள் காப்பி அடித்தவள்தான். ஆனால் ஓட்டை விழுந்த காப்பி அவளை யோசிக்கவைத்திருந்தது. இன்றைய தாளில் ஓட்டை விழுவதில்லை. கேள்வியைப் போனில் படம் எடுத்தால் கால் நிமிஷத்தில் முழுத் தீர்வும் வந்து நிற்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, கொஞ்சம் மாறின சொற்களில். மரம் வரைய வழியில்லை.

இப்படி எழுதிக்கொண்டே போகும்போது எனக்கே சந்தேகம் வருகிறது. உதவி என்பதையே ஏதோ தீட்டுபோலப் பேசுகிறேனா? இந்தப் பாடத்தின் வேரைத் தோண்டினால் அங்கே இருப்பதும் வீட்டுப்பாடம்தான். கிர்க்காஃப் தன் இரண்டு விதிகளையும் 1845-இல் வெளியிட்டபோது அவர் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் மாணவர், வயது இருபத்தொன்று. ஃபிரான்ஸ் நாய்மன் நடத்திய செமினாரில் மாணவர்களுக்குக் கணக்கு கொடுத்துத் தீர்த்துவரச் சொல்வது வழக்கம். அந்தப் பயிற்சியிலிருந்துதான் அது முளைத்தது. கட்டுரையின் தலைப்பே வேறு, ஒரு வட்டத் தகட்டில் மின்னோட்டம் எப்படிப் பரவுகிறது என்பதைப் பற்றியது. உலகத்துப் பொறியியல் மாணவர்கள் எல்லாம் முதலாண்டில் மனப்பாடம் செய்யும் விதிகள் அதன் வாலில் ஒட்டிக்கொண்டு வந்தவை. மெஷ் கரண்ட் முறையோ மாக்ஸ்வெல்லின் கடைசி வகுப்புகளில் சொல்லப்பட்டது. அவர் 1879-இல் இறந்துபோனார். அந்த வகுப்பில் உட்கார்ந்து கேட்ட ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் பிறகு அதை விரித்து எழுதினார். பிற்காலத்தில் வெற்றிடக் குழாய் வால்வைக் கண்டுபிடித்த அதே ஃபிளெமிங்தான். ஆக, நாம் கரும்பலகையில் போடும் முறை நமக்கு வந்த வழிகளில் ஒன்று, ஒரு மாணவர் எடுத்த நோட்ஸ்தான்.

டியூஷனைப் பற்றி இளக்காரமாகப் பேசுகிறவர்கள் கேம்பிரிட்ஜை நினைத்துக்கொள்வது நல்லது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே டிரைபாஸ் கணிதத் தேர்வில் மேலே வரவேண்டுமானால் பல்கலைக்கழக விரிவுரை போதாது, பணம் கட்டித் தனிப் பயிற்சியாளரிடம் போகவேண்டும். வில்லியம் ஹாப்கின்ஸ் அப்படி ஒருவர்; ஸ்டோக்ஸ், கெல்வின், மாக்ஸ்வெல் எல்லோரும் அவர் கைக்குள் இருந்து வந்தவர்கள். 1854-இல் மாக்ஸ்வெல்லை இரண்டாமிடத்துக்குத் தள்ளி முதலிடம் பிடித்தவர் எட்வர்டு ரௌத். அவரே பிறகு பெரிய பயிற்சியாளராகி, முதலிடக்காரர்களை இருபதுக்கும் மேலாக உருவாக்கினார். அந்தப் பயிற்சிக் கலாச்சாரத்தின் ஓரத்தில் லண்டனில் டியூஷன் எடுத்துப் பிழைத்தவர் ஜி.எஸ். கார் என்பவர். பெரிய கணிதர் என்று அவரை யாரும் சொல்லமாட்டார்கள். மாணவர்களைத் தேர்வுக்குத் தயார்செய்யத் தான் வைத்திருந்த குறிப்புகளையெல்லாம் கோத்து, ஆயிரக்கணக்கான முடிவுகளை வரிசை எண் போட்டு, பெரும்பாலானவற்றுக்கு நிறுவல் கூடத் தராமல், 1880-களில் ஒரு தொகுப்பாக வெளியிட்டார். சுத்தமான கைடு. நம் ஊர் ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங் போட்டு விற்கும் 'முக்கிய வினாக்கள்' தொகுப்புக்கு முப்பாட்டன். அதுதான் 1903 வாக்கில் கும்பகோணத்தில் ஒரு பள்ளிப் பையன் கையில் கிடைத்தது. ராமானுஜனுக்கு அதற்கு முன்னாலேயே வீட்டில் தங்கிப் படித்த கல்லூரி மாணவர்கள் உதவியிருக்கிறார்கள், அவர்கள் சரக்கு சீக்கிரமே தீர்ந்துபோனது. காரின் புத்தகம் தீரவில்லை, ஏனென்றால் அதில் வழி இல்லை. வெறும் முடிவுகள். ஒவ்வொன்றுக்கும் வழியை அவரே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. விடை மட்டும் தந்து வழியை மறைத்த உதவி ஒரு மேதைக்கு உரமாயிற்று. இதிலிருந்து பொதுவாக எதையும் முடிவுகட்ட எனக்குத் துணிச்சல் இல்லை. அதே வகைக் கைடு லட்சம் பேர் கையில் போய் லட்சம் பேரையும் மனப்பாட இயந்திரமாக்கியதையும் நாம் பார்த்திருக்கிறோம்.

சொந்தமாகத் திணறினால்தான் படிப்பு ஏறும் என்கிற நம்பிக்கைக்கும் நான் முழுச் சந்தா கட்டத் தயாரில்லை. ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-இல் இயற்கணிதத்தை வைத்துச் செய்த ஆய்வு அதற்கு எதிர்ப்பக்கம் பேசுகிறது: புதிதாகக் கற்பவர்கள் கணக்கைத் தாங்களே போட்டு முட்டுவதைவிட, போட்டுக்காட்டிய கணக்குகளைக் கவனமாகப் படித்தபோது குறைந்த நேரத்தில் நன்றாகக் கற்றார்கள். திணறலில் மனம் முழுக்க விடையைத் துரத்துவதில் செலவாகிவிடுகிறது, அமைப்பைப் பார்க்க மிச்சம் இருப்பதில்லை என்பது அவர்கள் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது. 'கஷ்டப்பட்டாத்தான் புத்தி வரும்' என்று நம் ஆசிரியர்கள் சொல்லி வந்ததில் பாதி சோம்பேறித்தனம், மீதி வன்மம். அப்படியானால் போனில் வரும் தீர்வும் போட்டுக்காட்டிய கணக்குதானே? அதையும் கவனமாகப் படிக்கலாமே? படிக்கலாம். படிப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. கவலையெல்லாம் அந்தத் தீர்வுக்கும் தன் தாளுக்கும் நடுவில் கண்ணை ஒருமுறை கூட நிறுத்தாதவர்களைப் பற்றித்தான்.

1970-களின் பின்பகுதியில் பெர்க்லியில் யூரி டிரீஸ்மன் என்ற ஆராய்ச்சி மாணவர் ஒரு காரியம் செய்தார். கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் ஏன் அதிகமாகத் தோற்கிறார்கள் என்று பேராசிரியர்களைக் கேட்டால் அவர்களிடம் பதில் தயாராக இருந்தது: ஆர்வக் குறைவு, அடிப்படை போதாது, குடும்பத்தில் படிப்புக்கு ஆதரவில்லை, வறுமை. நம் ஸ்டாஃப் ரூமில் ரிசல்ட் வந்த அன்று கேட்கும் அதே பட்டியல். டிரீஸ்மன் பட்டியலை நம்பாமல், கறுப்பின மாணவர் இருபது பேர், சீன வம்சாவளி மாணவர் இருபது பேர் என்று எடுத்துக்கொண்டு, அவர்கள் படிக்கும் இடத்துக்கே போய் உட்கார்ந்து பார்த்தார். பேராசிரியர்கள் சொன்ன காரணம் ஒன்றும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் கடுமையாக உழைத்தார்கள், ஆனால் தனியாக. படிப்பு ஒரு பக்கம், நண்பர்கள் ஒரு பக்கம். சீன மாணவர்கள் தனியே போட்ட கணக்கை மாலையில் கூடி உட்கார்ந்து ஒருவர் தாளை ஒருவர் திருத்தினார்கள், ஆங்கிலத்தைக்கூட. தனக்கு வராத கணக்கு பக்கத்தில் இருப்பவனுக்கும் வரவில்லை என்று தெரிந்தால் கணக்குதான் கடினம் என்று விளங்கும். தனி அறையில் இருப்பவனுக்கோ தானே மட்டம் என்று தோன்றும். டிரீஸ்மன் பிறகு தொடங்கிய பட்டறைகளில் எனக்குப் பிடித்த விஷயம், அவற்றைப் பின்தங்கியவர்களுக்கான சிறப்பு வகுப்பு என்று அவர் அழைக்கவில்லை. இன்னும் கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சேர்ந்து போடவைத்தார். உதவி என்ற பெயரே இல்லாத உதவி.

அந்தப் பெயர்தான் இங்கே ஆளைக் கொல்கிறது. வகுப்பில் எழுந்து டவுட் கேட்பது நம் கல்லூரிகளில் எவ்வளவு பெரிய காரியம் என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். ப்ளஸ் டூ வரை தமிழில் படித்துவிட்டு வந்தவன் முதல் பருவம் முடியும்வரை வாயைத் திறப்பதில்லை. 'இதுகூடத் தெரியாதா' என்று ஒருவர் சொல்லியிருப்பார், ஒருவர் சொன்னால் போதும். பெண் பிள்ளைகள் வகுப்பு முடிந்து, கூட்டம் கலைந்து, கரும்பலகை அழிப்பதற்குள் வந்து, "சார், அந்த மூணாவது ஸ்டெப்" என்று முக்கால் குரலில் கேட்பார்கள். அந்த முக்கால் குரலில் பெரும்பாலும் கணக்கு பாதி தீர்ந்திருக்கும், ஏனென்றால் எங்கே முட்டுகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு முகம் சுளிக்காமல், தமிழிலேயே கேட்டாலும் பதில் சொல்லும் ஒரு கருவியை நான் எந்த வாயால் பழிப்பது? முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு வீட்டில் கேட்க ஆள் கிடையாது. மின்வாரியத்திலோ பெல்லிலோ மாமா இருக்கும் பிள்ளைக்கு இருந்த வசதி இப்போது போனாக அவன் பாக்கெட்டிலும் இருக்கிறது. எனக்கு இதில் மகிழ்ச்சிதான். ஆனால் வெட்கம் அங்கேயும் கூடவே போகிறதோ என்று ஒரு எண்ணம். தன் தப்பான பக்கத்தைப் படமெடுத்து 'இதில் எங்கே பிசகினேன்' என்று கேட்டால் அந்தக் கருவி ஓரளவு சொல்லவும் செய்யும். கேட்பதில்லையே. வினாத்தாளைத்தான் படமெடுக்கிறார்கள். கருவிக்குக்கூட அவர்கள் தங்கள் கையெழுத்தைக் காட்டுவதில்லை.

வீட்டில் கேட்க ஆள் கிடையாது என்று எழுதிவிட்டேன், அதுவும் முழு உண்மையில்லை. ஸ்டார்-டெல்டா மாற்றத்தில் சமமான சுமைக்கு டெல்டா இம்பிடன்ஸ் ஸ்டாரைப்போல மூன்று மடங்கு என்ற சூத்திரத்தை நடத்தினேன். பின்வரிசையில் இருந்த ஒருவன் கொங்குப் பக்கத்து விவசாய வீட்டுப் பிள்ளை. அவன் வீட்டு மோட்டார் ரூமில் இருப்பது ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். மோட்டாரை முதலில் ஸ்டாரில் எடுத்தால் லைனில் இழுக்கும் கரண்ட், நேரே டெல்டாவில் போட்டால் இழுப்பதில் மூன்றில் ஒரு பங்கு. வேகம் பிடித்த பிறகு டெல்டாவுக்கு மாற்றவேண்டும். ஸ்டார்ட்டர் ஒழுங்காக மாறவில்லையென்றால் சத்தத்தை வைத்தே அவன் அப்பா கண்டுபிடித்துவிடுவாராம். அந்த மூன்றும் இந்த மூன்றும் ஒன்றே என்று சொன்னபோது, "எங்கப்பாகிட்டக் கேட்டிருக்கலாமுங்களே சார்" என்றான் அவன். கேட்டிருந்தாலும் அவர் சமன்பாடாகச் சொல்லியிருக்க மாட்டார். அதைச் சமன்பாட்டோடு சேர்க்க எங்களைப் போன்றவர்கள் சம்பளம் வாங்குகிறோம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் புத்தக வாடகையில் வளர்ந்த செக் நிறுவனம், பின்னர் மாணவர்களின் கேள்விகளுக்கு விடை எழுதித் தரும் வியாபாரமாகப் பெருத்தது. விடை எழுதியவர்களில் பெரும்பகுதி இந்தியாவில், கேள்விக்கு இவ்வளவு என்ற கூலிக்கு உட்கார்ந்த பொறியியல் பட்டதாரிகள். வேலை கிடைக்காத ட்ரிபிள் ஈ பையன்கள் இங்கே இரவில் விழித்து, முகம் தெரியாத அமெரிக்க மாணவனுக்கு லாப்லாஸ் மாற்றம் போட்டுக்கொடுத்தார்கள். 2023 மே மாதத்தில், சாட்ஜிபிடியால் புதிய சந்தாதாரர்கள் குறைவதாக நிறுவனம் ஒப்புக்கொண்ட மறுநாள் அதன் பங்கு விலை ஏறக்குறையப் பாதியாயிற்று. பங்கு வைத்திருந்தவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. அந்த இரவுக் கூலிக்காரர்கள் அடுத்து என்ன செய்தார்கள் என்பது செய்தியாகவில்லை. அவர்களில் சிலரையாவது எனக்குத் தெரியும். மற்றவர்களின் அசைன்மென்டைப் போட்டுப் போட்டே சர்க்யூட் தியரியை உருப்படியாகக் கற்றுக்கொண்டதாகச் சொல்வார்கள். யார் வீட்டுப்பாடத்தில் யார் படித்தது!

இந்தப் பருவத்திலிருந்து நல்ல பிரதியோடு ரஃப் தாளையும் சேர்த்துத் தரவேண்டும், மதிப்பெண்ணில் பாதி ரஃப் தாளுக்கு என்று அறிவித்தேன். முதல் கட்டு வந்தது. அடித்தல், திருத்தல், ஓரத்தில் கூட்டல் என்று பார்க்க ஆசையாக இருந்தது. பத்துத் தாள் தாண்டுவதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. 'ஒரு மாணவன் செய்யக்கூடிய பிழைகளோடு போட்டுக்கொடு' என்று கருவியிடம் கேட்டு வாங்கி, அதைப் பார்த்து எழுதி, எழுதியதை அடித்திருக்கிறார்கள். பிழைகள் எல்லாம் அவ்வளவு லட்சணம்: தொகையீட்டு மாறிலியை விட்டது, குறியை மாற்றிப் போட்டது, அடுத்த வரியிலேயே உணர்ந்து திருத்தியது. உண்மையான பிள்ளை அடுத்த வரியில் உணரமாட்டான், அடுத்த பக்கத்தில் வேறு எதையோ சந்தேகப்படுவான். ஆனாலும் போலிப் பிழை எழுதிய ஒருத்தியைக் கூப்பிட்டு, இந்த இடத்தில் ஏன் தப்பு வைத்தாய் என்று கேட்டேன். "இங்கதான் சார் எல்லாரும் தப்பு விடுவாங்க, அதான்" என்றாள். எல்லோரும் எதனால் அங்கே தப்பு விடுகிறார்கள் என்று கேட்டதற்கு, நடு ரெசிஸ்டரில் இரண்டு கரண்டும் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்க்காமல் எழுதுவதால் என்று சரியாகவே சொன்னாள். அவளுக்கு ரஃப் தாள் மதிப்பெண்ணை முழுதாகப் போட்டுவிட்டேன். மற்ற தாள்கள் இன்னும் மேஜையில் இருக்கின்றன. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்பதென்றால் இன்டர்னல் மார்க் பதிவேற்றும் கடைசித் தேதிக்குள் முடியாது.